வக்கீல் லிங்கனின் கடிதம்

லிங்கன் தன் மகனுடைய தலைமை ஆசிரியருக்கு எழுதியதாக ஒரு கடிதம் வாட்ஸ்அப்பில் வருஷத்துக்கு நாலு முறையாவது வந்துவிடுகிறது. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் லிங்கன் எழுதியதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது. அவர் உண்மையாகவே எழுதிய வேறொரு கடிதத்தைப் பற்றி இன்று எழுதலாம் என்று நினைக்கிறேன். தேதி 1841 ஜனவரி 23. எழுதியவர் இல்லினாய் மாகாணத்தின் ஸ்ப்ரிங்ஃபீல்டு ஊரில் தொழில் செய்துகொண்டிருந்த வக்கீல். வயது 31. பெற்றவர் அவருடைய தொழில் கூட்டாளி ஜான் ஸ்டூவர்ட்.

உயிரோடு இருக்கிறவர்களில் என்னைவிடத் துயரப்படுகிறவன் இல்லை. இந்த நிலை சரியாகுமா என்று சொல்லத் தெரியவில்லை. ஆனால் இப்படியே இருக்க முடியாது. கடிதத்தின் சாரம் இவ்வளவுதான்.

நீதிமன்றத்தில் சிரஸ்தாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். முப்பது வருஷத்துக்கு மேல் வக்கீல்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு வக்கீல் இன்னொரு வக்கீலுக்கு இப்படி எழுதுவது எவ்வளவு அபூர்வம் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இந்தக் கடிதம் மனதில் தங்கிவிட்டது.

அந்த ஜனவரியில் லிங்கனுக்கு என்ன நடந்தது? ஒன்றல்ல, பல சேர்ந்துகொண்டன. மேரி டாட் என்ற பெண்ணோடு இருந்த கல்யாணப் பேச்சு முறிந்தது. மாகாண சட்டசபையில் அவர் முன்னின்று ஆதரித்த கால்வாய், ரயில் பாதைத் திட்டங்கள் மாகாணத்தைக் கடனில் மூழ்கடித்தன. கூட்டாளி ஸ்டூவர்ட் காங்கிரஸ் உறுப்பினராகி வாஷிங்டன் போய்விட்டதால் ஆபீஸ் கட்டுகள் அத்தனையும் இவர் தலையில். நாலு வருஷமாக ஒரே அறையில் தங்கியிருந்த உயிர் நண்பர் ஜோஷுவா ஸ்பீடு, கடையை விற்றுவிட்டு கென்டக்கிக்குத் திரும்பக் கிளம்பிக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றாக வந்திருந்தால் தாங்கியிருப்பாரோ என்னவோ.

லிங்கன் படுத்துவிட்டார். சட்டசபைக்கும் சில நாட்கள் போகவில்லை. தனக்கே ஏதாவது செய்துகொள்வாரோ என்று பயந்து, ஆபத்தான பொருட்களையெல்லாம் அறையிலிருந்து ஸ்பீடு அப்புறப்படுத்தினார். சின்ன ஊர், விஷயம் எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று.

இதற்குப் பிறகு லிங்கன் செய்ததுதான் நான் சொல்ல வந்த விஷயம். அவர் உதவி கேட்டார். ஒரு முறை அல்ல, பல பேரிடம். உள்ளூர் டாக்டர் ஆன்சன் ஹென்றியிடம் வைத்தியம் பார்த்துக்கொண்டார். அந்த டாக்டர் ஊரைவிட்டுப் போய்விடக் கூடாது என்பதற்காக, அவருக்கு ஸ்ப்ரிங்ஃபீல்டு போஸ்ட்மாஸ்டர் வேலை வாங்கித் தரச் சொல்லி ஜனவரி 20-ஆம் தேதியே ஸ்டூவர்ட்டுக்கு எழுதினார். நான் உயிரோடு இருக்க இவர் அவசியம் என்று காரணத்தையும் மறைக்காமல் சொன்னார். சின்சினாட்டியில் டேனியல் டிரேக் என்ற பேர் பெற்ற டாக்டர் இருந்தார். அவருக்குத் தன் நிலையை விவரித்துக் கடிதம் போட்டார். நேரில் பார்க்காமல் மருந்து சொல்ல மாட்டேன் என்று டிரேக் பதில் எழுதினார். இன்றைக்கும் நல்ல டாக்டர் அதைத்தான் சொல்வார்.

வைத்தியம் என்றதும் இன்றைய வைத்தியத்தை நினைத்துவிடாதீர்கள். ரத்தம் எடுப்பது, பேதிக்குக் கொடுப்பது, பாதரசம் சேர்ந்த மாத்திரை, இப்படித்தான் அந்தக் காலம். லிங்கனும் பின்னாளில் ‘ப்ளூ மாஸ்’ என்ற பாதரச மாத்திரை சாப்பிட்டவர்தான். மருந்து எவ்வளவு உதவியதோ, மனிதர்கள் உதவினார்கள். அந்த வருஷம் ஆகஸ்டில் கென்டக்கியில் ஸ்பீடின் வீட்டுக்குப் போய் சில வாரங்கள் தங்கினார். ஸ்பீடின் தாயார் பெற்ற பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்டு, கிளம்பும்போது ஒரு பைபிளையும் கொடுத்தனுப்பினார்.

தொழில் என்ன ஆயிற்று? நம் வக்கீல்கள் முதலில் கேட்கும் கேள்வி அதுதானே. அந்த 1841 வசந்த காலத்திலேயே ஸ்டூவர்ட்டுடனான கூட்டு முடிந்து, ஸ்டீபன் லோகன் என்பவர் லிங்கனைத் தன் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டார். லோகன் முன்பு ஜட்ஜாக இருந்தவர். அந்த ஊர் வக்கீல்களில் முதல் வரிசைக்காரர். ஜனவரியில் நடந்தது தெரிந்த ஊரில், தெரிந்த மனிதர் செய்த காரியம் இது. லிங்கனின் தொழில் கீழே போகவில்லை. அங்கேதான் மேலே ஏறத் தொடங்கியது.

நோய் முற்றிலும் விலகிவிட்டது என்று சொல்ல முடியாது. பின்னாளில் ஊர் ஊராகப் போகும் சர்க்யூட் கோர்ட்டில் வக்கீல்களும் ஜட்ஜும் ஒரே விடுதியில் தங்குவார்கள். ராத்திரி எல்லோரையும் சிரிக்க வைத்த லிங்கன், கொஞ்ச நேரம் கழித்துத் தனியே உட்கார்ந்து எதையோ வெறித்துக்கொண்டிருப்பதைக் கூடப் போனவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். அவர் நடந்தால் துயரம் சொட்டும் என்ற பொருளில் எழுதியவர், கடைசிக் கூட்டாளியான ஹெர்ன்டன்.

கதையின் அடுத்த பாகம் எனக்கு இன்னும் பிடிக்கும். 1842 தொடக்கத்தில் ஸ்பீடின் கல்யாணம் நெருங்கியது. இப்போது அவருக்குப் பயமும் கலக்கமும் வந்துவிட்டன. லிங்கன் கடிதத்தின் மேல் கடிதமாக எழுதினார். உன் கலக்கத்துக்குக் காரணங்கள் இவை என்று வக்கீல் வாதம் அடுக்குவதைப் போல அடுக்கினார்: மோசமான வானிலையில் பயணம், வேலையும் நண்பர்கள் பேச்சும் இல்லாதது, கல்யாண நாள் நெருங்குவது. தான் பட்டதை வைத்து நண்பனுக்கு வழி காட்டினார். பிப்ரவரி 15-ஆம் தேதி ஸ்பீடின் கல்யாணம் நடந்தது. நவம்பர் 4-ஆம் தேதி லிங்கனும் அதே மேரி டாடை மணந்தார்.

ஸ்பீடின் கல்யாணத்துக்கு ஒரு வாரம் கழித்து, பிப்ரவரி 22-ஆம் தேதி, ஸ்ப்ரிங்ஃபீல்டில் மதுவிலக்குச் சங்கத்தில் லிங்கன் பேசினார். வாஷிங்டோனியன் என்ற அந்த இயக்கம் 1840-ல் பால்டிமோரில் ஆறு குடிகாரர்கள் சேர்ந்து தொடங்கியது. குடியை விட்டவர்களே குடிக்கிறவர்களிடம் போய்ப் பேசுவார்கள். பாதிரியார், வக்கீல், கூலிக்குப் பேசுகிறவர் ஆகியோர் செய்ய முடியாததை இவர்கள் செய்கிறார்கள் என்றார் லிங்கன். திட்டினால் எவனும் திருந்த மாட்டான், முதலில் நண்பனாக வேண்டும் என்றார். ‘தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்’ என்று நாம் சொல்வோமே, அதுதான்.

இந்த யோசனை வக்கீல் தொழிலுக்குள் வந்து சேர வெகுகாலம் பிடித்தது. குடியிலிருந்து மீண்ட அமெரிக்க வக்கீல்கள் சிலர், 1970-களில் தங்களைப் போன்ற வக்கீல்களுக்கு உதவக் குழுக்கள் அமைத்தார்கள். 1988-ல் அமெரிக்கன் பார் அசோசியேஷன் இதற்கென்று ஒரு கமிஷன் வைத்தது. இங்கிலாந்தில் 1997-ல் லாகேர் என்ற அமைப்பு தொடங்கியது. ஆரம்பத்தில் குடிப் பிரச்சினையோடு நின்றது, பிறகு மனச்சோர்வு, பதற்றம் என்று விரிந்தது.

இதில் ஒரு சட்டச் சிக்கலும் இருந்தது. ஒரு வக்கீலின் பெரிய முறைகேடு இன்னொரு வக்கீலுக்குத் தெரிய வந்தால் புகார் செய்ய வேண்டும் என்பது அங்கே மாதிரி விதி. அப்படியானால் உதவி கேட்டு யார் வாய் திறப்பார்கள்? அதனால் 1991-ல், இத்தகைய உதவித் திட்டத்தில் பேசும்போது தெரிய வந்தவற்றுக்கு விலக்கு அளித்தார்கள். கட்சிக்காரர் ரகசியத்தை வக்கீல் வெளியிடக் கூடாது என்று நம் பழைய சாட்சியச் சட்டம் 126-ஆவது பிரிவில் இருந்ததல்லவா? அந்தப் பாதுகாப்பு வக்கீலுக்கும் தேவைப்படுகிறது.

2016-ல் அங்கே ஒரு பெரிய ஆய்வு வெளியானது. 19 மாகாணங்களில் 12,825 வக்கீல்களைக் கேட்டார்கள். 20.6 சதவீதம் பேருக்குக் குடி பிரச்சினை தரும் அளவில் இருந்தது. 28 சதவீதம் பேருக்கு மனச்சோர்வின் அறிகுறிகள். ஏன் உதவி தேடவில்லை என்பதற்குப் பெரும்பாலோர் சொன்ன காரணம்: மற்றவர்களுக்குத் தெரிந்துவிடுமே.

அது அமெரிக்காவுக்கு மட்டும் உரிய பயம் இல்லை. மனநல வைத்தியத்துக்கு மூன்று ஜில்லா தாண்டிப் போய்வந்த ஒரு வக்கீலை எனக்குத் தெரியும். உள்ளூரில் பார்த்தால் கட்சிக்காரர் கட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விடுவார் என்றார். வாய்தா வாங்கும்போதெல்லாம் வயிற்றுவலி என்பார். வயிற்றுவலி என்றால் யாரும் மறு கேள்வி கேட்பதில்லை.

நம் சட்டமும் சும்மா இருக்கவில்லை. 2017-ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே 29 முதல் அமலில் இருக்கிறது. வைத்தியம் பெறுவது உரிமை என்கிறது அதன் 18-ஆவது பிரிவு. நோயாளியின் விவரம் ரகசியமாக இருக்க வேண்டும் என்கிறது 23-ஆவது பிரிவு. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் காசில்லாமல் பேசலாம், தமிழிலும் பேசலாம்.

உங்கள் வீட்டில், தெருவில், நடைப்பயிற்சிக் கூட்டத்தில் நிச்சயம் ஒரு வக்கீல் இருப்பார். மகனாகவோ, மருமகளாகவோ, பழைய சிநேகிதராகவோ. பேச்சு குறைந்து, தூக்கம் கெட்டு, சாயங்காலமே கதவைச் சாத்திக்கொள்கிறார் என்றால், கேஸ் என்ன ஆயிற்று என்று கேட்காதீர்கள். நீ எப்படி இருக்கிறாய் என்று கேளுங்கள். பதில் வரக் கொஞ்சம் நேரமாகும். உட்கார்ந்திருங்கள். நமக்குத்தான் வேறு வாய்தா எதுவும் இல்லையே.