ஹேக்கிண்டாஷ் பூட் ஆகலையா? ஆப்பிள் லோகோவிலேயே நிற்குதா? எங்கே பார்க்கணும், எப்போ விடணும்... முழு விளக்கம்!

கல்யாண வீடியோ எடிட் செய்பவர்களுக்கு ஃபைனல் கட் புரோ மேல் ஒரு கண் உண்டு. ஆனால் அது விண்டோஸில் ஓடாது. மேக் வாங்க பட்ஜெட் இடம் தராது. அதனால் சாதாரண அசெம்பிள்டு கம்ப்யூட்டரிலேயே மேக் ஓஎஸ்-ஐ ஏற்றிவிடுகிறார்கள். இதற்குப் பெயர்தான் ஹேக்கிண்டாஷ். ஏற்றும்போது நடுவழியில் நின்றுவிட்டால்? பார்ட் மாற்ற தாமலில் இருந்து சென்னை ரிச்சி தெருவுக்கு பஸ் ஏறும் முன் இதைப் படிச்சிடுங்க.

இது எப்படி சாத்தியம்?

2006 ஜனவரியில் இன்டெல் சிப் உள்ள முதல் மேக் கம்ப்யூட்டர்கள் வெளிவந்தன. அன்று முதல் மேக்கும் நம்ம பிசியும் உள்ளுக்குள் கிட்டத்தட்ட ஒரே சாதிதான். ஓபன்கோர் என்ற பூட்லோடர், மேக் ஓஎஸ் தொடங்கும் முன்பே வந்து, 'இது ஆப்பிள் மெஷின்தான்' என்று நம்பவைக்கிறது. லிலு, விர்ச்சுவல்எஸ்எம்சி, வாட்எவர்கிரீன் போன்ற 'கெக்ஸ்ட்' ஃபைல்கள் அதற்குத் துணை. இதில் ஒன்று தவறினாலும் பூட் நின்றுவிடும்.

முதலில் என்ன செய்யணும்?

ஆப்பிள் லோகோவை மட்டும் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. ஓபன்கோர் கான்ஃபிக் ஃபைலில், பூட் ஆர்க்யுமென்ட்ஸ் பகுதியில் மைனஸ் குறியோடு 'வி' என்ற எழுத்தைச் சேர்த்தால், லோகோவுக்குப் பதில் வரிவரியாக எழுத்துகள் ஓடும். எந்த வரியில் நிற்கிறது என்பதுதான் துப்பு. அதைப் போனில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து பயாஸ். செக்யூர் பூட், ஃபாஸ்ட் பூட், சிஎஸ்எம், சிஎஃப்ஜி லாக் ஆகியவை ஆஃப்-ல் இருக்க வேண்டும். அபோவ் 4ஜி டீகோடிங் ஆன்-ல் இருக்க வேண்டும். சாட்டா மோடு ஏஹெச்சிஐ-யில் இருக்க வேண்டும். பயாஸ் அப்டேட் செய்தால் இவை பழையபடி மாறிவிடும். 'நேத்து வரைக்கும் நல்லா ஓடுச்சே' என்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

எங்கே நின்றால் என்ன அர்த்தம்?

'எக்ஸிட்பிஎஸ் ஸ்டார்ட்' வரியில் நின்றால்: பயாஸிடம் இருந்து மேக் ஓஎஸ் கெர்னல் பொறுப்பை வாங்கும் இடம் இது. பயாஸ் செட்டிங்கும், கான்ஃபிக்கில் உள்ள பூட்டர் க்விர்க்ஸும் உங்கள் பிராசஸருக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். ஏஎம்டி பிராசஸர் என்றால் தனி கெர்னல் பேட்ச் கட்டாயம்.

'ஸ்டில் வெயிட்டிங் ஃபார் ரூட் டிவைஸ்' என்றால்: இன்ஸ்டாலர் இருக்கும் பென்டிரைவோ டிஸ்க்கோ கண்ணில் படவில்லை. பென்டிரைவை வேறு யுஎஸ்பி போர்ட்டில், முடிந்தால் யுஎஸ்பி 2.0-வில் செருகிப் பாருங்கள்.

எழுத்தெல்லாம் ஓடி முடிந்து திரை கறுப்பானால்: பெரும்பாலும் கிராஃபிக்ஸ் கார்டு. என்விடியா ஆர்டிஎக்ஸ் கார்டு எதற்கும் மேக்கில் டிரைவர் கிடையாது. ஜிடிஎக்ஸ் 1000 சீரிஸ் 2017-ல் வந்த ஹை சியராவோடு சரி. ஏஎம்டி ஆர்எக்ஸ் 580, ஆர்எக்ஸ் 6600 ஓடும். ஆனால் அதைவிட விலை கூடிய 6700 எக்ஸ்டி நேரடியாக ஓடாது. விலையைப் பார்த்து கார்டு வாங்கினால் மாட்டிக்கொள்வீர்கள். இன்டெல் 11-வது தலைமுறை முதல் உள்ளமைந்த கிராஃபிக்ஸுக்கும் டிரைவர் இல்லை.

இன்ஸ்டால் பாதியில் நிற்குதா?

'ரெக்கவரி சர்வரைத் தொடர்புகொள்ள முடியவில்லை' என்று வந்தால் இன்டர்நெட்டையும், பயாஸில் தேதி, நேரத்தையும் சரிபாருங்கள். லேன் வயர்தான் நம்பகமானது. ஆண்ட்ராய்ட் போனை யுஎஸ்பியில் செருகி டெதரிங் போட்டால் பல போன்களை மேக் தானாக அடையாளம் காணாது.

டிஸ்க் யுட்டிலிட்டியில் டிஸ்க் தெரியாவிட்டால் 'ஷோ ஆல் டிவைசஸ்' தேர்வு செய்து, முழு டிஸ்க்கையும் ஏபிஎஃப்எஸ், ஜியுஐடி முறையில் அழிக்க வேண்டும். உஷார்: அழித்தால் உள்ளே இருப்பது எல்லாம் போய்விடும். கிளையண்ட்டின் கல்யாண ஃபுட்டேஜ் அதே டிஸ்க்கில் இருந்தால் வேறொரு டிஸ்க்கில் காப்பி எடுக்காமல் கை வைக்காதீர்கள். முகூர்த்தத்தை ரீடேக் எடுக்க முடியாது!

இன்ஸ்டால் நடக்கும்போது கம்ப்யூட்டர் பலமுறை ரீஸ்டார்ட் ஆகும். ஒவ்வொரு முறையும் பென்டிரைவைத் தேர்வு செய்தால் ஆரம்பத்துக்கே போய்விடும். ஹார்டு டிஸ்க்கில் 'மேக் ஓஎஸ் இன்ஸ்டாலர்' என்று வரும் பெயரைத்தான் தேர்வு செய்ய வேண்டும். எல்லாம் முடிந்தும் பென்டிரைவைப் பிடுங்கினால் பூட் ஆகவில்லையா? அதில் உள்ள இஎஃப்ஐ ஃபோல்டரை ஹார்டு டிஸ்க்கின் இஎஃப்ஐ பார்ட்டிஷனுக்குக் காப்பி செய்யுங்கள். அவ்வளவுதான்.

ஒரே நேரத்தில் நான்கு செட்டிங்கை மாற்றாதீர்கள். ஒன்றை மாற்றி, பூட் செய்து பார்த்து, பிறகு அடுத்தது. அடுத்தவர் இஎஃப்ஐ ஃபோல்டரை அப்படியே இறக்கிப் போடுவதும் வேண்டாம். அவர் மதர்போர்டு வேறு, உங்கள் மதர்போர்டு வேறு.

இது சட்டப்படி சரியா?

ஆப்பிள் தயாரித்த கம்ப்யூட்டரில் மட்டுமே மேக் ஓஎஸ் நிறுவலாம் என்கிறது அதன் லைசென்ஸ் ஒப்பந்தம். 2008-ல் ஹேக்கிண்டாஷ் கம்ப்யூட்டர்களை வெளிப்படையாக விற்ற அமெரிக்காவின் சைஸ்டார் நிறுவனம் மீது ஆப்பிள் வழக்குப் போட்டது. 2009-ல் நீதிமன்றம் ஆப்பிள் பக்கம் தீர்ப்பளித்தது. 2011-ல் மேல்முறையீட்டிலும் அதே முடிவுதான்.

இன்னும் எத்தனை நாள்?

2020 நவம்பரில் ஆப்பிள் தன் சொந்த எம்1 சிப் கம்ப்யூட்டர்களைக் கொண்டுவந்தது. 2025 செப்டம்பரில் வந்த மேக் ஓஎஸ் 26 டஹோதான் இன்டெல் மேக்களுக்கான கடைசிப் பதிப்பு என்று ஆப்பிள் அறிவித்துவிட்டது. அதன்பின் பாதுகாப்பு அப்டேட்கள் மட்டும் சில காலம் வரும். புதிய பதிப்புகள் ஆப்பிள் சிப்புக்காக மட்டுமே எழுதப்படுவதால், இன்டெல், ஏஎம்டி பிசியில் அவற்றை ஏற்ற வழியில்லை.

ஆக, கையில் இருக்கும் ஹேக்கிண்டாஷைச் சரிசெய்து ஓட்டுவது லாபம். ஆனால் இதற்காகவே இப்போது புதிதாக மதர்போர்டு, கிராஃபிக்ஸ் கார்டு வாங்குவதாக இருந்தால், அந்தப் பணத்துக்கு செகண்ட் ஹேண்ட் எம்1 மேக் மினி கிடைக்குமா என்று ஒருமுறை விசாரித்துவிடுவது நல்லது.