கரிசல் யுத்தம் – 9: எட்டயபுரத்து ஈட்டியும் பாஞ்சாலங்குறிச்சி ஈட்டியும்

அருப்புக்கோட்டையிலிருந்து பந்தல்குடி தாண்டித் தெற்கே போனால் நாகலாபுரம். 1799 செப்டம்பரில் பாஞ்சாலங்குறிச்சியின் தானாபதி சுப்பிரமணிய பிள்ளையை மேஜர் பானர்மேன் தூக்கிலிட்டது இந்த ஊரில்தான். அடுத்த மாதம் கயத்தாற்றில் கட்டபொம்மன். நாகலாபுரம், ஏழாயிரம்பண்ணை, குளத்தூர், காடல்குடி, கோலார்பட்டி பாளையங்களும் பறிபோயின. அந்த நிலங்களில் எட்டயபுரத்துக்கும் மேல்மாந்தைக்கும் மணியாச்சிக்கும் பங்கு கிடைத்தது.

வெள்ளைக்காரன் இந்தப் பக்கம், நம்மவர் அந்தப் பக்கம் என்று சினிமா பிரித்துக் காட்டியதை அப்படியே நம்ப முடியாது. அருங்குளம், சுப்பலாபுரம் என்ற இரண்டு கிராமங்களுக்காக எட்டயபுரமும் பாஞ்சாலங்குறிச்சியும் ஏற்கெனவே முட்டிக்கொண்டிருந்தன. கிழக்கிந்தியக் கும்பினியின் சிப்பாய்களும் பெரும்பாலும் இந்நாட்டுக்காரர்களே.

சிப்பாய்க்கு மாதச் சம்பளம், சீருடை, துப்பாக்கி, பின்னால் பீரங்கி வண்டி. பாளையத்துச் சேவகனுக்குச் சம்பளம் கிடையாது. காவலுக்கு ஈடாக மானிய நிலம் உண்டு. அதில் மழையை நம்பி விதைத்தவன், பாளையக்காரர் அழைத்தால் ஈட்டியோடு வர வேண்டும். பாளையம் பறிபோனால் நிலமும் போய்விடும். அவனுடைய மூர்க்கத்துக்கு வீரம் மட்டுமே காரணம் என்று எழுதுவது பாதிக் கதைதான்.

1801 பிப்ரவரி 2 அன்று கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். ஒரே வாரத்தில் மேஜர் மெக்காலே படையோடு வந்து பார்த்தபோது, இடித்துத் தள்ளிய பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை மறுபடி எழுந்து நின்றது. எல்லாம் மண் சுவர். மார்ச் 31 அன்று அந்தச் சுவரில் ஏறப் போன 120 ஐரோப்பியரில் காயமில்லாமல் திரும்பியவர்கள் 46 பேர். அந்தப் படையில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் பின்னாளில் காரணத்தை எழுதி வைத்தார்: கொத்தளங்களின் உள்ளே குடைந்து வைத்திருந்தார்கள், அதற்குள் நின்றவர்களின் கையில் 18 முதல் 20 அடி நீள ஈட்டிகள். மேலே ஏறியவனுக்குக் கால் வைக்க இடமில்லை.

மண்ணையும் ஈட்டியையும் கடைசியில் கனரக பீரங்கிதான் வென்றது. கர்னல் அக்னியூ புதுப் படையோடு வந்து சேர்ந்தார். மே 24 அன்று கோட்டை விழுந்தது.

அன்று நடந்ததாக வெல்ஷ் கேள்விப்பட்டு எழுதிய ஒரு சம்பவம் உண்டு. பிணங்களுக்கு நடுவே மகனைத் தேடி வந்தாள் ஒரு தாய். மகனுக்கு உயிர் இருந்தது. “என்னை விடு, சாமியைக் காப்பாற்று” என்று அருகில் காயம்பட்டுக் கிடந்த ஊமைத்துரையைக் காட்டினான். பெண்கள் அவரைத் தூக்கிப் போய் ஒரு வீட்டில் கிடத்தினார்கள். தேடி வந்தவர்கள் எட்டயபுரத்து ஆட்கள். பெண்கள் துணியைப் போர்த்திவிட்டு, அம்மை கண்டு செத்த பிள்ளை என்று ஒப்பாரி வைத்தார்கள். வந்தவர்கள் நெருங்காமலே திரும்பிவிட்டார்கள். அம்மை என்றால் எந்தப் பாளையத்தானும் விலகி நிற்பான் என்பது அந்தப் பெண்களுக்குத் தெரிந்திருந்தது. வெள்ளைக்கார அதிகாரி தேடி வந்திருந்தால் போர்வையை விலக்கிப் பார்த்திருக்கக்கூடும்.

ஊமைத்துரை கமுதி சேர்ந்தார். அங்கிருந்து மருது சகோதரர்களின் சிறுவயலுக்குப் போனார். அக்னியூவின் படை நாகலாபுரம் வழியாக வடக்கே திருப்புவனத்தை நோக்கி நடந்தது.

(தொடரும்)