ஆற்றுமணலில் கிடைக்கும் உலோகத் தொல்பொருட்களை இனங்காணல்

பழைய நகரங்கள், கோட்டைகள், துறைமுகங்கள் ஆகியவற்றை அடுத்துள்ள ஆற்றுமணலிலும் கடற்கரையிலும் காசு, மோதிரம், அம்புமுனை போன்ற உலோகப் பொருட்கள் சில வேளைகளில் மேற்பரப்பிலேயே கிடைக்கின்றன. அவை எவை, எக்காலத்தவை என்று அறிவதே இனங்காணல் ஆகும். தமிழ்நாட்டில் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு கரூரை ஒட்டிய அமராவதி ஆற்றுப்படுகை. ஒரு பொருளின் அடையாளத்தில் உலோகமும் வடிவமும் ஒரு பாதி மட்டுமே. அது கிடைத்த இடம் மறு பாதியாகும்.

அமைவிடமும் பின்னணியும்

திருப்பூர் மாவட்டத்தின் வெள்ளகோவில், கரூர் – கோயம்புத்தூர் சாலையில் அமைந்த விசைத்தறி நகரம் ஆகும். இதற்கு வடக்கே நொய்யல் ஆறும் தெற்கே அமராவதி ஆறும் பாய்ந்து, இரண்டும் காவிரியில் கலக்கின்றன. நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் (ஈரோடு மாவட்டம்) நடந்த அகழாய்வுகளில் இரும்பு உருக்கு உலைகளும், மணிக்கற்கள் பதித்த செம்புப் புலி உருவமும் கிடைத்துள்ளன. அமராவதிக் கரையிலுள்ள கரூர், சேரர் தலைநகராகிய வஞ்சி எனப் பல ஆய்வாளர்களால் கருதப்படுகின்றது. கிரேக்கப் புவியியலாளர் தாலமி இதனைக் 'கரௌரா' எனக் குறித்துள்ளார்.

கரூர் ஆற்றுமணலில் சேரர் செப்புக்காசுகள், 'மாக்கோதை' என்று தமிழ்ப் பிராமி எழுத்தில் பொறித்த வெள்ளிக்காசுகள், உரோமானியக் காசுகள், முத்திரை மோதிரங்கள் முதலியன கிடைத்துள்ளன. கொங்கு நாட்டின் வேறிடங்களில் உரோமானிய வெள்ளிக்காசுகள் புதையல்களாகவும் வெளிப்பட்டன. 1842இல் கோவையை அடுத்த வெள்ளலூரில் 522 காசுகள் கிடைத்தன.

உலோகத்தை அறிதல்

நீண்ட காலம் மண்ணிலோ நீரிலோ கிடந்த உலோகத்தின் மேற்பூச்சு முதல் தடயத்தைத் தருகின்றது.

* செம்பும் வெண்கலமும்: பச்சை நிறப் படலம், அதன் கீழ்ச் சிவப்புப் படலம்.
* வெள்ளி: கறுப்பு அல்லது சாம்பல் நிறம்.
* ஈயம்: வெளிறிய சாம்பல் நிறம், மென்மையானது, கையில் கனமாக இருக்கும்.
* இரும்பு: பழுப்புத் துரு, உப்பிப் பெருத்து, ஏடு ஏடாகப் பிரியும். முழுவதும் துருவாகிவிட்டால் காந்தம் நன்கு ஈர்க்காது.
* தங்கம்: பெரும்பாலும் நிறம் மாறாது.
* அலுமினியம்: மிக இலேசானது. இதனாலான பொருள் பழங்காலத்தது அன்று.

அடர்த்தியை அளப்பது இரண்டாம் சோதனை. காற்றில் 84 கிராம் எடையுள்ள பொருளை நூலில் கட்டி நீரில் அமிழ்த்தி நிறுக்கும்போது 76 கிராம் எனக் காட்டினால், குறைந்த எடை 8 கிராம். 84ஐ 8ஆல் வகுத்தால் 10.5, இது வெள்ளியின் அடர்த்தி. ஈயத்துக்கு 11.3, செம்புக்கு 8.96, இரும்புக்கு 7.87. கலப்பு உலோகமும் தடித்த துருவும் இக்கணக்கைப் பிறழச் செய்யும். ஆய்வகங்களில் பொருளைச் சிதைக்காமல் ஊடுகதிர் ஒளிர்வு முறையில் உலோகக் கலவை அறியப்படுகின்றது.

வடிவமும் சின்னமும்

ஒரே ஒரு சின்னத்தை வைத்து முடிவு செய்வது தவறான விடையைத் தரலாம். யானை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சேரர் செப்புக்காசுகளில் யானையும், மறுபுறம் வில்லும் அம்பும் காணப்படும். அவை பெரும்பாலும் சதுரமானவை. கொங்கு நாட்டின் பெரும்பகுதி 18ஆம் நூற்றாண்டில் மைசூர் ஆட்சியில் இருந்தது. மைசூர்ச் செப்புக்காசுகளிலும் யானை உண்டு. ஆனால் அவை வட்டமானவை.

நடுவில் துளையுள்ள செப்பு நிற வட்டத்தைப் பழங்கால அணி என எண்ணலாம். அது 1943 – 1947 காலத்திய ஓட்டைக் காலணாவாக இருக்கக்கூடும். மாட்டு லாடத்தின் உடைந்த துண்டும், விசைத்தறி நாடாவின் கூரிய உலோக முனையும் அம்புமுனை போலத் தோன்றலாம். துளைகள் நிறைந்த கரிய கனமான கட்டி, இரும்பு உருக்கியபோது கழிந்த கசடாக இருக்கலாம்; விலையற்றது எனினும், அருகில் உலை இருந்ததைக் காட்டும் சான்று அது.

கடற்கரையிலும் இம்முறையே பொருந்தும். தரங்கம்பாடியில் 1620 முதல் 1845 வரை தானியர் இருந்தனர். அவர்கள் 17ஆம் நூற்றாண்டில் வெளியிட்ட சிறிய ஈயக் காசுகள் அக்கடற்கரை மணலில் கிடைத்துள்ளன.

இடச்சான்றின் இன்றியமையாமை

அகழாய்வில் ஒரு காசு எந்த மண்ணடுக்கில், எந்தப் பானையோட்டுடன், எந்தக் கரித்துண்டுடன் கிடைத்தது என்று பதிவு செய்யப்படும். அதனால் அதன் காலத்தை அறிய இயலுகின்றது. ஆற்றுமணலில் கிடைத்துக் கைமாறிய காசுக்கு இச்சான்று இல்லை. 'மாக்கோதை' போன்ற காசுகளின் காலத்தை எழுத்தமைதி, உருவ அமைப்பு ஆகியவற்றைக் கொண்டே கணிக்க வேண்டியுள்ளது. கிடைத்த இடமும் தெரியாதபோது, உண்மையான காசையும் போலியையும் பிரித்தறிவதுகூடக் கடினமாகின்றது.

கண்டெடுத்தவர் செய்ய வேண்டியவை

* எடுப்பதற்கு முன், அளவுகோல் ஒன்றை அருகில் வைத்து ஒளிப்படம் எடுத்தல். இடத்தையும் நாளையும் குறித்தல்.
* புளி, சாம்பல், அமிலம், உப்புத்தாள் ஆகியவற்றால் தேய்க்காதிருத்தல். பச்சைப் படலத்துடன் எழுத்தும் அழிந்துவிடும்.
* மேலும் தோண்டாதிருத்தல்.
* மாவட்ட ஆட்சியர் அலுவலகம், தொல்லியல் துறை அல்லது அரசு அருங்காட்சியகத்துக்குத் தெரிவித்தல்.

சட்டம்

1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்து கண்டெடுக்கப்படும், பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருளை மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். மறைப்பது தண்டனைக்குரியது. உரிமையாளர் இல்லாத புதையலில் கண்டெடுத்தவருக்கு நான்கில் மூன்று பங்கும், நிலத்தின் உரிமையாளருக்கு ஒரு பங்கும் உண்டு என்பது பொது விதி. அரசே பொருளை எடுத்துக்கொண்டால், உலோக மதிப்புடன் அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கூடுதலாகச் சேர்த்து வழங்கும். 1972ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் மற்றும் கலைக் கருவூலங்கள் சட்டம், நூறு ஆண்டுக்குக் குறையாத பழமையுடைய காசு, சிற்பம் முதலியவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்வதைத் தடை செய்கின்றது.