ஊமையான 'ப'வும் ஒரு கறுப்புப் பொட்டும்

எலவனாசூர்கோட்டைல இருக்கற சித்தப்பா போன மாசம் போன் பண்ணினார்.

"டேய், கீபோர்டுல நடு 'ப' பேச மாட்டேங்குதுடா. ரிதம் பட்டனும் நாலு குத்து குத்தினாத்தான் கேக்குது. பழைய சாமான்காரன்கிட்ட போட்டுடலாம்னு இருக்கேன்."

இருபது வருஷமா திருவிழா மேடைகள்ல அவருக்குச் சோறு போட்ட பெட்டி அது. "பொறுங்க சித்தப்பா, வர்றேன்"னு சொல்லிட்டு, உளுந்தூர்பேட்டைல இறங்கி கள்ளக்குறிச்சி பஸ் பிடிச்சேன்.

பஸ்ல யோசிச்சதுதான் இந்தக் கதை. எங்க பக்கம் தெருக்கூத்துல இன்னைக்கும் ஆர்மோனியம்தான். காத்தும் ரீடும் போதும், கரண்ட் வேண்டாம். அதனால காண்டாக்ட் போற பேச்சே இல்லை. கரண்ட் வந்ததும் தூசி வில்லனாயிடுச்சு. 1935ல் அமெரிக்காவில் வந்த ஹாமண்ட் ஆர்கன்ல ஒரு கட்டைக்கு 9 காண்டாக்ட். அழுக்கு சேரும்னு தெரிஞ்சே, உள்ளே இருக்கற கம்பியைக் கொஞ்சம் நகர்த்தி சுத்தமான இடத்துக்குக் கொண்டுவர ஒரு திருகு வச்சிருந்தாங்க. என்ன முன்யோசனை பாருங்க!

1980 ஜனவரியில் கால்குலேட்டர் செஞ்ச காசியோ, காசியோடோன் 201ஐக் கொண்டுவந்தது. 1983ல் யமஹா டிஎக்ஸ்7. அதுல திருகுகளுக்குப் பதிலா தட்டையான பட்டன் வரிசை. நம்ம ஊர்ல 'ரோஜா' (1992) வந்த பிறகு கீபோர்டு இல்லாத மெல்லிசை மேடையை நினைச்சுப் பார்க்க முடியுமா?

சரி, சித்தப்பா பெட்டிக்கு வருவோம். அடாப்டரைக் கழட்டி, கவிழ்த்துப் போட்டு, திருகெல்லாம் எடுத்தா... கற்பூரப் புகையும் ரோட்டுத் தூசியும்! கட்டைக்கு அடியில ரப்பர் பட்டை. அதுல ஒரு கட்டைக்கு ரெண்டு கறுப்புக் கார்பன் பொட்டு. அழுத்தினா முதல் பொட்டு போர்டைத் தொடும், அடுத்த நொடித்துளியில ரெண்டாவது. அந்த இடைவெளியை வச்சுத்தான் நீங்க மெதுவா தொட்டீங்களா, ஓங்கித் தட்டினீங்களான்னு பெட்டி கணக்குப் போடுது. ஒரு பொட்டுல அழுக்கு படிஞ்சா ஸ்வரம் ஊமையாகும், இல்லைன்னா திடீர்னு கத்தும். ரிதம் பட்டனுக்கு அடியிலயும் இதே மாதிரி பொட்டுதான்.

பஞ்சுக்குச்சியில ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைத் தொட்டு போர்டையும் பொட்டையும் மெல்ல ஒத்தி எடுத்தேன். உப்புத்தாள், பெட்ரோல் பக்கமே போகாதீங்க, கார்பனே போயிடும். நல்லா காஞ்சதும் ரப்பர் முளைகளைத் துளைக்குள்ள சரியா அழுத்தி மூடினேன்.

சித்தப்பா ஸ்விட்சைப் போட்டு, பயந்துகிட்டே 'ப'வைத் தொட்டார். பேசிச்சு! அவர் ஒண்ணும் பேசலை. அதையே திரும்பத் திரும்ப பத்து தடவை வாசிச்சார் :)

சிப்பு கெட்டிருக்கும்னு நினைச்சு உங்க வீட்டுப் பரண்ல ஒண்ணு கிடந்தா, எடைக்குப் போடறதுக்கு முன்னாடி ஒரு தடவை திறந்து பாருங்க மக்கா.