கிரை புரதங்கள்

கிரை புரதங்கள் என்பவை பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் (பி.டி.) என்னும் மண் பாக்டீரியா படிகமாகச் சேர்த்துவைக்கும் பூச்சிக்கொல்லிப் புரதங்கள். புரதத்தில் தனித்தனியே மடிந்து தனித்தனி வேலை பார்க்கும் பகுதிகளுக்கு டொமைன் என்று பெயர். டொமைன்கள் இடம் மாறிப் பொருந்துவதால் புதிய புரதம் பிறப்பதை இவற்றில் தெளிவாகக் காணலாம்.

ஜப்பானில் இஷிவாட்டா 1901இல் நோயுற்ற பட்டுப்புழுக்களில் இந்தப் பாக்டீரியாவைக் கண்டார். அதற்கு இன்றுள்ள பெயர், 1911இல் ஜெர்மனியின் துரிஞ்சியாவில் கிடைத்த மாவு அந்துப்பூச்சியை ஆராய்ந்த பெர்லினர் சூட்டியது. 1981இல் ஷ்னெப்பும் ஒயிட்லியும் கிரை மரபணு ஒன்றைப் பிரித்தெடுத்தனர். பத்தாண்டு கழித்து, 1991இல், கிரை3ஏ புரதத்தின் வடிவம் வெளியானபோதுதான் அதில் மூன்று டொமைன்கள் இருப்பது கண்ணுக்குத் தெரிந்தது.

புழு தின்றதும் அதன் காரத்தன்மையுள்ள குடலில் படிகம் கரைகிறது. குடல் நொதிகள் புரதத்தை நறுக்கி முடுக்கிவிடுகின்றன. இரண்டாம், மூன்றாம் டொமைன்கள் குடற்சுவரின் ஏற்பிகளைப் பற்றிக்கொள்ள, ஏழு திருகுச்சுருள்களால் ஆன முதல் டொமைன் சுவரில் துளையிடுகிறது. எந்தப் புழு சாகும், எது தப்பும் என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது அந்தப் பிடிமானம்தான்.

டொமைன் ஒவ்வொன்றுக்கும் தனியே வம்சாவளி வரைந்தால் அவை ஒன்றுக்கொன்று பொருந்துவதில்லை. குறிப்பாக மூன்றாம் டொமைன் ஒரு புரதத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவியிருக்கிறது. கிரை1ஏபி, கிரை1ஏசி இரண்டுக்கும் முதலிரு டொமைன்கள் ஏறத்தாழ ஒன்றே. மூன்றாவது மட்டும் வேறு. கிரை1ஏசியின் மூன்றாம் டொமைனில் ஒருவகைச் சர்க்கரையைப் பற்றும் குழிவு உண்டு. இயற்கையின் இந்த வேலையை ஆய்வகத்திலும் செய்து பார்த்தார்கள். கிரை1ஈ புரதத்துக்குக் கிரை1சியின் மூன்றாம் டொமைனைப் பொருத்தியதும், முன்பு அதற்கு மசியாத ஒரு ஸ்பொடாப்டெரா இனப் புழு மடிந்தது; இம்முடிவு 1994இல் வெளியானது.

கொங்கு நாட்டுப் பருத்திக் காடுகளுக்குக் கிரை புரதம் விதை வழியாக வந்தது. அதற்கு முந்தைய ரகங்களில், கோவையில் உருவாகி 1968இல் வெளியான எம்.சி.யூ. 5 நீண்ட இழைக்குப் பேர்பெற்றது. காய்ப்புழுவைத் தடுக்க அதனிடம் ஒன்றுமில்லை, மருந்தடிப்பே வழி. 2002இல் இந்தியா அனுமதித்த பி.டி. பருத்தியின் புரதத்தைக் கிரை1ஏசி என்றே அழைத்தாலும், அது உண்மையில் ஒட்டுப் புரதம்: முதல் 466 அமினோ அமிலங்கள் கிரை1ஏபியிலிருந்தும் மீதி கிரை1ஏசியிலிருந்தும் வந்தவை. இரண்டாம் டொமைன் முடிந்து மூன்றாவது தொடங்கும் இடத்தை ஒட்டியே அந்த இணைப்பு விழுந்திருக்கிறது.

2006இல் கிரை2ஏபியும் சேர்க்கப்பட்டது. அதற்கும் மூன்று டொமைன்களே; ஆனால் குடலில் அது பற்றும் இடம் வேறு. 2010இல் குஜராத்தில் கிரை1ஏசியைத் தாங்கும் இளஞ்சிவப்புக் காய்ப்புழு பதிவானபோது இந்த வேறுபாடு முக்கியமாயிற்று. கிரை1ஏசியைத் தாங்கப் பழகிய புழு, உறவு நெருங்கிய கிரை1ஏபியையும் பெரும்பாலும் தாங்கிவிடும். கிரை2ஏபிக்கு எதிராக அது தனியே எதிர்ப்பு வளர்க்க வேண்டும்.