லயப் பள்ளியிலிருந்து பெலிஹுல்ஓயா வரை
சப்ரகமுவத் தோட்ட மாணவரின் உயர்கல்விப் பாதை: ஒரு வரலாற்று நோக்கு

மலையகத் தமிழரின் கல்வி பற்றிப் பேசும்போது எமது சிந்தனை அட்டனையும் நுவரெலியாவையும் பதுளையையும் நாடிச் செல்வது வழக்கமாகிவிட்டது. தேயிலையும் றப்பரும் அடுத்தடுத்து வளரும் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தோட்டங்கள் அச்சிந்தனையின் ஓரத்திலேயே நின்றுவிடுகின்றன. இவ்விரு மாவட்டங்களையும் உள்ளடக்கிய சப்ரகமுவ மாகாணத்தில் இன்று ஒரு பல்கலைக்கழகம் உண்டு. ஆயினும் அம்மாகாணத்தின் தோட்டப் பிள்ளை அப்பல்கலைக்கழகத்தையோ வேறெந்தப் பல்கலைக்கழகத்தையோ அடைவதற்கு எத்தகைய பாதை இருந்தது என்னும் வினா போதியளவு கேட்கப்படவில்லை. அவ்வினாவுக்கு வரலாற்றினூடாக விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சப்ரகமுவ 1889ஆம் ஆண்டிலே தனி மாகாணமாக அமைக்கப்பட்டது. 1869ஆம் ஆண்டு முதல் பரவிய இலைநோயினால் கோப்பிச் செய்கை அழிந்து, தேயிலை அதன் இடத்தைப் பிடித்திருந்த காலம் அது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் களனிப் பள்ளத்தாக்கிலும் களு கங்கையின் மேற்பகுதியிலும் றப்பர் விரைந்து பரவிற்று. அவ்விளைவைக் கொழும்புத் துறைமுகத்திற்குக் கொண்டு செல்வதற்கென ஒடுங்கிய புகையிரதப் பாதை அவிசாவளையூடாக 1912இல் இரத்தினபுரியை எட்டியது. பால் வெட்டவும் கொழுந்து பறிக்கவும் தென்னிந்தியாவிலிருந்து அழைத்து வரப்பட்ட மக்கள் இத்தோட்டங்களின் லயங்களிலே குடியேற்றப்பட்டனர். விளைபொருள் வெளியே செல்லப் பாதை அமைத்த அதே அக்கறை, உழைத்தோரின் பிள்ளைகள் வெளியே செல்லும் பாதையின்மீது காட்டப்படவில்லை என்பது ஈண்டு நோக்கற்பாலது.

தோட்டக் கல்வி பற்றிய முதலாவது குறிப்பிடத்தக்க சட்ட ஏற்பாடு 1907ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கக் கிராமப் பாடசாலைகள் கட்டளைச் சட்டமாகும். ஆறு வயதிற்கும் பத்து வயதிற்கும் இடைப்பட்ட தோட்டப் பிள்ளைகளுக்குத் தாய்மொழியிற் கல்வி புகட்டும் கடமை அதனால் தோட்ட நிர்வாகத்தின்மேற் சுமத்தப்பட்டது. 1920ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டம் அக்கடமையை மீளவும் வலியுறுத்திற்று. சட்டத்தின் நோக்கம் நல்லதே. ஆனால் பிள்ளையின் உழைப்பால் இலாபம் பெறும் துரையிடமே அப்பிள்ளையின் பள்ளியும் ஒப்படைக்கப்பட்டது. ஒரே மண்டபத்தில் எல்லா வகுப்புகளும், ஒரே ஆசிரியர், ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடும் படிப்பு என்பனவே பெரும்பாலான தோட்டப் பாடசாலைகளின் நிலையாயின. எழுத்தும் எண்ணும் அறிந்த தொழிலாளி தோட்டத்திற்குத் தேவைப்பட்டான்; அதற்கு மேற்பட்ட கல்வி தேவைப்படவில்லை.

இலங்கையின் கல்வி வரலாற்றிலே 1945ஆம் ஆண்டு பொன்னெழுத்துக்களாற் பொறிக்கப்படும் ஆண்டாகும். சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அவர்களின் முயற்சியால் அவ்வாண்டு நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வித் திட்டமும், அக்காலத்தில் எழுந்த மத்திய கல்லூரிகளும் கிராமத்துப் பிள்ளைக்குப் பல்கலைக்கழகம் வரை ஓர் ஏணியை அமைத்துக் கொடுத்தன. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றியிருந்தமையால் அந்த ஏணிக்கு ஓர் உச்சியும் இருந்தது. தோட்டப் பாடசாலைகளோ அப்போதும் தோட்ட நிர்வாகத்தின் கீழேயே நின்றன. அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்க 1947ஆம் ஆண்டின் சட்டம் வழி திறந்ததெனினும், அதன்வழி பொறுப்பேற்கப்பட்டவை மிகச் சிலவே. 1960ஆம் ஆண்டின் சட்டத்தால் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகள் அரசுடைமையாக்கப்பட்டபோதும் தோட்டப் பாடசாலைகள் அவ்வலையினுள் அகப்படவில்லை. நாடு முழுவதற்கும் கட்டப்பட்ட ஏணியின் கீழ்ப்படி தோட்டத்தின் எல்லைக்கு வெளியே ஊன்றப்பட்டிருந்தது எனலாம்.

இதே காலப்பகுதியில் தோட்ட மக்களின் இருப்பே கேள்விக்குள்ளாயிற்று. கேகாலை மாவட்டத்தின் நேவ்ஸ்மியர் தோட்டத்தை அரசாங்கம் கிராம விஸ்தரிப்பிற்கெனச் சுவீகரித்தபோது, 1946இல் அங்கிருந்த தொழிலாளர் வெளியேற மறுத்துப் போராடினர். அத்துமீறல் குற்றஞ் சாட்டப்பட்டு நீதிமன்றமும் ஏறினர். வேலை போனால் வீடும் போகும், வீடு போனால் பள்ளியும் போகும் என்ற உண்மையை அச்சம்பவம் தெளிவாக உணர்த்திற்று. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974ஆம் ஆண்டின் ஒப்பந்தம் இரு நாடுகளுக்கும் சமமாகப் பகிர்ந்தது. பிரசையல்லாதவனுக்கு அரச உத்தியோகம் இல்லை. எனவே, படித்தாலும் ஆசிரியனாகவோ எழுதுவினைஞனாகவோ வர முடியாது என்பதை அறிந்த தந்தை, மகனை ஏன் மேல் வகுப்பிற்கு அனுப்ப வேண்டும்? பெயர் வந்துவிட்டது, தலைமன்னாரிற் கப்பலேற வேண்டும் என்ற செய்தி எந்த வருடத்திலும் வரக்கூடும் என்றிருந்த குடும்பத்தில், பத்து வருடங்களுக்கு அப்பாலுள்ள பட்டத்தைப் பற்றி யார் நினைப்பர்? கல்வியில் அம்மக்களுக்கு ஆர்வமில்லை என்று எளிதாகக் கூறுவோர் இவ்விடத்தைச் சற்று ஆழமாக நோக்குதல் வேண்டும்.

1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கின. அதனைத் தொடர்ந்து தோட்டப் பாடசாலைகளும் கட்டங் கட்டமாகக் கல்வித் திணைக்களத்தின் கீழ் வந்தன. இது பெரும் மாற்றமே. ஆனால் அம்மாற்றம் சப்ரகமுவவிற்கு வந்த வேளை நல்வேளையன்று. 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுப் பஞ்சம் தோட்டங்களிற் பல உயிர்களைக் குடித்தது. 1977இலும், 1981 ஆகஸ்டிலும், 1983 யூலையிலும் நிகழ்ந்த வன்செயல்கள் இம்மாகாணத்தை மீண்டும் மீண்டும் தாக்கின. 1981இல் இரத்தினபுரி, கஹவத்தைப் பகுதிகளின் தோட்டங்கள் தாக்கப்பட்டமை நாடறிந்த வரலாறு. சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறிக் கிடக்கும் தோட்டங்களாதலால் அடைக்கலம் தேடி ஓடுவதற்கு அருகிலே தமிழ் நகரம் எதுவும் இருக்கவில்லை. பலர் வவுனியா நோக்கிச் சென்றனர். பள்ளியை அரசு பொறுப்பேற்ற அதே பத்தாண்டிலே பள்ளியின் பிள்ளைகள் இடம்பெயர்ந்து கொண்டிருந்தனர் என்பது எமது வரலாற்றின் கசப்பான முரண்களுள் ஒன்றாகும்.

இத்தனைக்கும் நடுவே நின்று நிலைத்த பாடசாலைகள் உண்டு. இறக்குவானை பரியோவான் தமிழ் மகா வித்தியாலயம், பலாங்கொடை கனகநாயகம் தமிழ் மகா வித்தியாலயம், யட்டியாந்தோட்டை புனித மரியாள் தமிழ் மகா வித்தியாலயம் முதலியன இவ்வகையில் நன்றியுடன் நினைக்கத்தக்கவை. நாடற்றோர் பிரச்சினை 1988, 2003ஆம் ஆண்டுகளின் சட்டங்களினால் முடிவுக்கு வந்தது. பல்கலைக்கழகம் என்ற சொல் தோட்ட லயத்தில் ஓர் இயல்பான சொல்லாக ஒலிக்கத் தொடங்கியது அதன் பின்னரேயாகும்.

மாகாணத்திலேயே ஒரு பல்கலைக்கழகம் எழுந்ததும் இக்காலத்திலேதான். சமனலவெவ நீர்மின் திட்டத்தில் பணியாற்றியோருக்கென பெலிஹுல்ஓயாவில் அமைக்கப்பட்டிருந்த கட்டடங்களில் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கிய நிறுவனம், 1995ஆம் ஆண்டிலே சப்ரகமுவப் பல்கலைக்கழகமாகத் தரமுயர்த்தப்பட்டது. விவசாயம், பிரயோக விஞ்ஞானம், முகாமைத்துவம், நில அளவை சார்ந்த துறை, பின்னர் தொழினுட்பம், மருத்துவம் என அதன் பீடங்கள் விரிந்தன. பலாங்கொடையைச் சூழவுள்ள தேயிலைத் தோட்டங்களுக்கு அது மிக அண்மையிலுள்ளது. ஆனால் அண்மையில் இருப்பது வேறு, அடையக்கூடியதாக இருப்பது வேறு. இலங்கையிற் பல்கலைக்கழக அனுமதி நாடு தழுவியது. தன் மாகாணத்திலுள்ள பல்கலைக்கழகம் என்பதனால் எந்த மாணவனுக்கும் தனி வாயில் கிடையாது.

அவ்வனுமதி முறையிலேதான் சப்ரகமுவத் தோட்ட மாணவனின் தனித்த பிரச்சினை அடங்கியுள்ளது. 1970களின் தராதரப்படுத்தலைத் தொடர்ந்து உருவாகிய மாவட்ட ஒதுக்கீடு, பிற்காலத்தில் திறமைக்கு 40 வீதம், மாவட்ட அடிப்படைக்கு 55 வீதம், பின்தங்கிய மாவட்டங்களுக்கு 5 வீதம் என நிலைபெற்றது. வசதி குறைந்த பிரதேசத்தை வசதி மிக்க பிரதேசத்தோடு போட்டியிட விடலாகாது என்பது இதன் தத்துவம். நுவரெலியா மாவட்டத்தில் இத்தத்துவம் தோட்டப் பிள்ளைக்கு ஓரளவு கைகொடுக்கின்றது. ஏனெனில் 2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி அங்கு இந்தியத் தமிழராகப் பதிவானோர் சனத்தொகையிற் பாதிக்கும் மேற்பட்டவர். இரத்தினபுரியின் நிலை வேறு. அதே மதிப்பீட்டில் அம்மாவட்டத்தின் சனத்தொகை 10,88,007. கேகாலையின் சனத்தொகை 8,40,648. இந்தியத் தமிழராகப் பதிவானோர் இரு மாவட்டங்களிலும் பத்திலொரு பங்கிற்கும் குறைவு. ஆகவே இரத்தினபுரி நகரின் பெரிய கல்லூரியில், ஆய்வுகூடமும் பயிற்சி பெற்ற ஆசிரியரும் உள்ள வகுப்பில் உயர்தரம் பயிலும் மாணவனும், விஞ்ஞானப் பிரிவே இல்லாத தோட்டத்துத் தமிழ்ப் பாடசாலை மாணவனும் ஒரே ஒதுக்கீட்டுக்குப் போட்டியிடுகின்றனர். இரத்தினபுரி பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் இடம்பெற்றமை உண்மையே. கேகாலைக்கு அதுவும் இல்லை. பின்தங்கிய மாவட்டத்தினுள்ளும் மிகப் பின்தங்கியவனை மாவட்டச் சராசரி மறைத்துவிடுகின்றது. முன்னர் துரையின் எல்லைக்குள் அடைபட்டிருந்த பிள்ளை, இப்போது ஒரு சராசரிக்குள் அடைபட்டிருக்கிறான்.

இவ்வரலாறு பல்கலைக்கழக வாழ்விலும் தொடர்கின்றது. கலைப்பீடத்தில் இணையும் தோட்ட மாணவர் பலர் கலைத்துறையைத் தெரிவு செய்தவரல்லர். அவர்தம் பாடசாலையில் இருந்தது அத்துறை ஒன்றே. தமிழிற் பயின்று வந்தவர், பெரும்பாலான பாடநெறிகள் ஆங்கிலத்தில் நடைபெறும் பல்கலைக்கழகமொன்றிற் சேர்ந்தால், முதலாம் வருடம் பாடத்தோடும் மொழியோடும் ஒருங்கே போராட வேண்டியுள்ளது. நூல் நிலையத்தைப் பயன்படுத்தும் பழக்கம், விரிவுரையாளரிடம் ஐயம் கேட்கும் துணிவு ஆகியன வீட்டிலும் பள்ளியிலும் வளர்வன. குடும்பத்தின் முதற் பட்டதாரி அவற்றைத் தானே தேடிக் கொள்கிறார். 1981இல் நிறுவப்பட்ட மகாபொல புலமைப்பரிசில் அத்தகையோருக்குச் சோறும் புத்தகமுமாகும். அது ஒரு மாதம் தாமதித்தால் வீட்டிலிருந்து வருவது நாட்கூலியின் ஒரு பகுதியே.

இந்நிலையில் தனியார் உயர்கல்வி பற்றிய விவாதம் தோட்ட மாணவனுக்கு வேறொரு பொருள் தருகின்றது. 1981இல் தொடங்கிய வட கொழும்பு மருத்துவக் கல்லூரி தொட்டு, கட்டணம் பெறும் நிறுவனங்களுக்கெதிராக மாணவர் இயக்கம் நீண்ட போராட்டங்களை நடத்தியுள்ளது. இன்று கொழும்பிலும் அதன் அயலிலும் தகவல் தொழினுட்பமும் பொறியியலும் கற்பிக்கும் தனியார் நிறுவனங்கள் பல உள. சிறு வகுப்புகள், தொழிலோடு இணைந்த பாடத்திட்டம், காலந் தாழ்த்தாது முடியும் பட்டம் என அவற்றின் மாணவர் கூறும் சிறப்புகள் பொய்யல்ல. ஆனால் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக உயர்ந்ததே 2021இல், அதுவும் பல ஆண்டுப் போராட்டத்தின் பின்னராகும். அவ்வருவாயில் இலட்சக் கணக்கான கட்டணத்தை எண்ணிப் பார்க்கவும் இயலாது. 2017இல் அரசு தொடங்கிய வட்டியில்லா மாணவர் கடனும் கடனே; தலைமுறை தலைமுறையாகக் கங்காணியின் கடன் கணக்கில் வாழ்ந்த சமூகத்திற்கு அச்சொல் எளிதன்று. எனவே இலவசக் கல்வியைக் காப்பதில் தோட்ட மாணவனைவிட அக்கறை கொள்ளத்தக்கவர் இலர். அதே வேளை, 1945இல் நாடு பெற்ற அவ்வுரிமை தோட்டத்திற்கு முழுமையாக இன்னும் வந்து சேரவில்லை என்பதையும் அவனே சொல்ல வேண்டியவனாகிறான். காப்போம் என்னும் குரலோடு, நிறைவு செய்வோம் என்னும் குரலும் மாணவர் மேடைகளில் ஒலித்தல் வேண்டும்.

நிறைவு செய்வதென்பது யாது? சப்ரகமுவவின் இரு மாவட்டங்களிலும் தமிழ்மொழி மூலம் விஞ்ஞானமும் கணிதமும் தொழினுட்பமும் உயர்தரம் வரை முழுமையாகக் கற்பிக்கும் பாடசாலைகளை ஆசிரியரோடும் ஆய்வுகூடத்தோடும் நிலைபெறச் செய்தல் முதலாவது. அனுமதிக் கணக்கில் மாவட்டத்தோடு பாடசாலையின் வசதியையும் மொழிமூலத்தையும் கருத்திற் கொள்ளும் வழியை ஆராய்தல் இரண்டாவது. மூன்றாவது எம் கையிலேயே உள்ளது. விடுமுறைக் காலத்தில் இறக்குவானையிலும் தெரணியகலையிலும் உயர்தர மாணவருக்குக் கணிதமும் ஆங்கிலமும் கற்பிப்பதற்குத் தமிழ்ச் சங்கம் ஒன்றிற்குப் பெருநிதி வேண்டியதில்லை. சில மாணவர் முன்வந்தாற் போதும்.

விரிவுரையாளர்களும் சக மாணவர்களும் இதனைத் தோட்டத்தாரின் தனிக் குறையெனக் கொள்ளலாகாது. ஒரு நாட்டின் உயர்கல்வி அமைப்பு எத்தகையது என்பதை அதன் தலைசிறந்த பட்டதாரியை மட்டும் கொண்டு அளவிட முடியாது. பெலிஹுல்ஓயாவின் விரிவுரை மண்டபத்திற்கும் அயலிலுள்ள தோட்டத்து லயத்திற்கும் இடையிலான தூரம் பேருந்தில் ஒரு சிறு பயணமே. அத்தூரத்தைக் கடக்க ஒரு சமூகம் நூறாண்டுக்கு மேல் எடுத்துக் கொண்டது. அடுத்த பிள்ளைக்கு அது பேருந்துக் கட்டணத்தளவாகவே இருத்தல் வேண்டும்.