அம்மை குத்துபவர்

பெரியம்மை வராமல் தடுக்க ஊர் ஊராக, வீடு வீடாகப் போய்க் மக்களின் கையில் அம்மைப்பால் என்ற தடுப்பு மருந்தை வைத்த அரசு ஊழியரே அம்மை குத்துபவர். அலுவலக ஏட்டில் அவர் 'வாக்சினேட்டர்'. மைசூர் அரசிலும் சென்னை மாகாணத்திலும் 19-ஆம் நூற்றாண்டில் தொடங்கிய இந்த வேலை 1970-கள் வரை நீடித்தது. பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் "எங்கள் முப்பாட்டனார் அம்மை குத்தும் டாக்டர்" என்ற பேச்சு இருந்தால், அதன் உண்மையை அறிய முதலில் தேட வேண்டியது பதவிப் பெயரை அல்ல, அவர் வேலை பார்த்த ஆண்டுகளை. பெயர் நூறாண்டுக்கு மேல் மாறவில்லை. ஆனால் அம்மைப்பால் எங்கிருந்து வந்தது, எப்படிக் கெடாமல் வந்தது என்பது மாறிக்கொண்டே இருந்தது. வேலையும் அதோடு தலைகீழாக மாறியது.

இந்தியாவில் முதல் அம்மைப்பால் 1802 ஜூனில் பம்பாயில் ஒரு குழந்தைக்கு வைக்கப்பட்டது. 1805-ல் தாமஸ் ஹிக்கி தீட்டிய மைசூர் அரசியரின் ஓவியம் இந்தப் புது முறைக்கு ஆதரவு திரட்ட வரையப்பட்டது என்று ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். அக்காலத்தில் பால் கையிலிருந்து கைக்குத்தான் போனது. ஒரு குழந்தைக்குக் குத்தி ஏறக்குறைய எட்டாம் நாள் எழும் கொப்புளத்தைக் கீறி, அதில் ஊறும் நீரை அடுத்த குழந்தையின் கையில் வைப்பார்கள். ஆகவே அன்றைய ஊழியருக்குப் பாதி வேலை ஊசியில் இல்லை, மன்றாடுவதில் இருந்தது. தன் பிள்ளையின் புண்ணைக் கீறத் தாய் சம்மதிக்க வேண்டும். வேறு சாதிப் பிள்ளையின் நீரைத் தன் பிள்ளைக்கு வைக்க இன்னொரு வீடு சம்மதிக்க வேண்டும். மாரியம்மன் கோபிப்பாள் என்ற அச்சத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். சங்கிலி ஓரிடத்தில் அறுந்தால் அந்த வட்டாரத்தில் வேலையே நின்றுபோகும். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கன்றுப்பால் வந்தது. கன்றின் வயிற்றுப்புறத்தைச் சிரைத்துக் கீறிப் பாலை ஏற்றி, சில நாள் கழித்துச் சுரண்டி எடுத்து, கிளிசரின் போன்ற பொருளோடு அரைத்துக் குழாய்களில் அடைத்தனர். பெங்களூரில் இந்தப் பாலைத் தயாரித்த நிலையத்தில் பொறுப்பு வகித்தவர் டாக்டர் பல்பு. சென்னையில் மருத்துவம் படித்தும் சாதி காரணமாகத் திருவிதாங்கூர் அரசு வேலை மறுத்ததால் மைசூர் அரசுப் பணிக்கு வந்தவர் அவர். சென்னை மாகாணத்துக்குக் கிண்டி கிங் நிலையம் பால் அனுப்பியது. இதன் பிறகு அம்மை குத்துபவரின் எதிரி வெயில்தான்: குழாய் சூடேறிப் பால் செத்துவிடுமுன் ஊரை அடைந்தாக வேண்டும்.

பெயர் சொல்லும் ஆவணம் கிடைக்காவிட்டால் இதெல்லாம் பொதுக்கதைதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். மக்கள்தொகைக் கணக்கின் வீட்டுப் படிவங்களை இங்கே தேடிப் பயனில்லை. தொகுத்த எண்களே மிஞ்சின. ஆனால் அந்த எண்களும் பேசும். 1911 கணக்கில் மருத்துவர்கள் ஒரு பிரிவு; அம்மை குத்துவோர், மருத்துவச்சிகள், கம்பவுண்டர்கள், செவிலியர் எல்லாரும் சேர்ந்து மற்றொரு பிரிவு. குடும்பம் சொல்லும் 'டாக்டர்' அரசின் கண்ணில் எங்கே இருந்தார் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். அதனால் குடும்ப நினைவு பொய் என்றும் ஆகாது. ஆங்கில மருத்துவத்தின் முகமாகப் பல தெருக்கள் கண்டது அவரை மட்டுமே. மக்கள் டாக்டர் என்று அழைத்திருந்தால் அதுவும் வரலாறுதான். அம்மை குத்தும் பணி பற்றிய ஆண்டறிக்கைகளின் எண்கள் ஊதிப் பெருத்தவை என்பது அடுத்த மறுப்பு. அவற்றில் முதல்முறை குத்தியது, மறுமுறை குத்தியது, பலித்தது, பலித்த ஒவ்வொன்றுக்கும் ஆன செலவு என்று பத்திகள் இருக்கும். எண்ணிக்கையை வைத்து ஊழியரை எடைபோட்டால் சிலர் கூட்டி எழுதத்தான் செய்வார்கள். இந்தச் சந்தேகம் அன்றைய மேலதிகாரிகளுக்கும் இருந்தது. அதனால்தான் மேற்பார்வை ஆய்வாளர் பின்னாலேயே போய்த் தழும்பை எண்ணிப் பார்த்தார். குத்திய வீட்டுக்கு ஒரு வாரம் கழித்துத் திரும்பிப் போய்ப் பலித்ததா என்று பார்ப்பதும் பதிவேட்டில் ஏற்றுவதும் ஊழியரின் கடமை. நடையும் எழுத்தும் அவர் நாளில் பெரும்பங்கை எடுத்துக்கொண்டன.

பெங்களூரில் தேடுவோர் எல்லைக்கோட்டையும் மறக்கக் கூடாது. 1881 முதல் 1947 வரை கன்டோன்மென்ட் பகுதி பிரிட்டிஷ் ரெசிடென்ட்டின் கீழ் இருந்தது. ராஜா மில்லை ஒட்டிய ஸ்ரீராம்புரமோ மைசூர் அரசின் பக்கம். மைசூர் ஊழியரைப் பற்றிய தாள்களைக் கர்நாடக மாநில ஆவணக் காப்பகத்திலும், சென்னை மாகாணத்தில் வேலை பார்த்துவிட்டு இங்கே வந்தவர்களுடையதை சென்னை எழும்பூரிலுள்ள ஆவணக் காப்பகத்திலும் தேட வேண்டும். 1960-களின் இறுதியிலிருந்து பரவிய, உறைநிலையில் உலர்த்திய பால் வெயில் பயத்தைப் போக்கியது. அதோடு பரவிய இருமுனை ஊசியால், சில நிமிடம் பழகினால் யாரும் குத்தலாம் என்றானது. 1973-ல் கர்த்தார் சிங் குழு அம்மை குத்துபவர், மலேரியாப் பணியாளர் முதலியோரை ஒன்றாக்கிப் பல்நோக்குச் சுகாதாரப் பணியாளராக்கப் பரிந்துரைத்தது; 1975-ல் நாட்டின் கடைசிப் பெரியம்மை நோயாளி கண்டறியப்பட்டார். எனவே அந்தப் பத்தாண்டிலோ அதற்குப் பின்னரோ ஓய்வுபெற்றவரின் பென்ஷன் தாளில் 'சுகாதாரப் பணியாளர்' என்று மட்டும் இருக்கக்கூடும். அப்படியிருந்தால் பணிப் பதிவேட்டின் முன்பக்கங்களைப் புரட்டி, அவர் முதலில் எந்தப் பதவியில் சேர்ந்தார் என்று பார்க்க வேண்டும்.